டெக்சாஸ் இன்சூரன்ஸ் லைசென்ஸ் பரீட்சை: எப்படிப் படிப்பது, எதற்காகப் படிப்பது

ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கும் தோழிகள் சிலர் கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “அக்கா, நீங்க எழுதின அந்த இன்சூரன்ஸ் பரீட்சைக்கு என்ன படிக்கணும்? எங்களால முடியுமா?” ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முடியும். தாராளமாக முடியும். சதவீதக் கணக்குப் போடத் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் நீளமான வாக்கியங்களை நிதானமாக வாசிக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மீதியைப் படித்தே கொண்டுவந்துவிடலாம். எச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி அட்டை கையில் இருந்தும் எந்தப் பக்கம் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இதை நான் மனதாரச் சொல்வேன்.

முதலில், இது என்ன பரீட்சை? வீடு, கடை, கார், சரக்கு என்று நம் உடைமைக்கு நேரும் சேதம் ‘ப்ராப்பர்ட்டி’ பக்கம். நம்மால் அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கும் நஷ்டத்துக்கும் நாம் பதில் சொல்ல வேண்டி வந்தால் அது பெரும்பாலும் ‘கேஷுவல்ட்டி’ பக்கம். இரண்டையும் விற்பதற்கு டெக்சாஸ் மாநிலக் காப்பீட்டுத் துறை ஒரே லைசென்ஸ் தருகிறது. ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இதில் சேராது. அவற்றுக்குத் தனிப் பரீட்சை. வயது 18 ஆகியிருக்க வேண்டும். பட்டம் எதுவும் கேட்கமாட்டார்கள். பியர்சன் வியூ நிறுவனம் நடத்தும் கணினித் தேர்வில் 70 மதிப்பெண் எடுக்க வேண்டும். கைரேகை கொடுத்து, 50 டாலர் கட்டணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். நியூயார்க்கில் இதே உரிமத்துக்கு 90 மணி நேர வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். டெக்சாசில் அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் சுமை முழுக்க நம் தலையில். பாடத்திட்டத்தை இறக்கி வைத்துக்கொண்டு நாமேதான் படித்துத் தேற வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இப்படி மாறுகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பாடத்தின் தொடக்கத்திலேயே வரும். காப்பீடு என்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல என்று 1869-இல் ‘பால் எதிர் வர்ஜீனியா’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1944-இல் அதே நீதிமன்றம், அதுவும் வணிகம்தான், மத்திய அரசு கை வைக்கலாம் என்று தீர்ப்பை மாற்றியது. மறு வருடமே நாடாளுமன்றம் மெக்கரன்-ஃபெர்குசன் சட்டத்தைக் கொண்டுவந்து, கட்டுப்படுத்தும் பொறுப்பை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதனால்தான் நம் லைசென்ஸ் ஆஸ்டினிலிருந்து வருகிறது, வாஷிங்டனிலிருந்து வருவதில்லை.

இனி படிக்கும் முறை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம்தான். பாலிசியில் இருக்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாருக்கோ நேர்ந்த ஒரு நஷ்டம் இருக்கிறது. அந்த நஷ்டம் என்ன என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். மனப்பாடம் செய்தால் இரண்டாவது வாரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். காரணம் தெரிந்தால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை தானாக வரும்.

அடிப்படைப் பாடம்

முதல் அத்தியாயத்தில் சின்னச் சின்னச் சொற்களாக வரும். பலர் இதை வேகமாகத் தாண்டி வீட்டு பாலிசிக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள். நஷ்டத்தை உண்டாக்குவது ‘பெரில்’: நெருப்பு, ஆலங்கட்டி மழை, திருட்டு. அந்த நஷ்டம் நேரும் வாய்ப்பைக் கூட்டுவது ‘ஹசார்டு’: பழைய மின்கம்பி, ஈரமான படிக்கட்டு. வேண்டுமென்றே தீ வைத்துப் பணம் கேட்கும் எண்ணம் ‘மாரல்’ ஹசார்டு. “இன்சூரன்ஸ்தான் இருக்கே” என்று கதவைப் பூட்டாமல் போகும் அலட்சியம் ‘மொரால்’ ஹசார்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரெழுத்துதான் வித்தியாசம்.

அடுத்து ‘இன்டெம்னிட்டி’ என்ற கொள்கை. நஷ்டத்துக்கு முன்பு இருந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு காசு லாபம் வரக்கூடாது. மொத்தப் பாடமும் இந்த ஒரு தூணில்தான் நிற்கிறது. ‘ஆக்சுவல் கேஷ் வேல்யூ’ என்றால் புதிதாக வாங்கும் விலையில் தேய்மானத்தைக் கழித்தது. ஏன் கழிக்கிறார்கள்? பதினைந்து வருடக் கூரைக்குப் புதுக் கூரையின் விலை கொடுத்தால் அது லாபம். உங்கள் காரை இடித்தவரிடமிருந்து கம்பெனி பணத்தை வசூலிக்கிறதே, ‘சப்ரொகேஷன்’, அது ஏன்? நீங்கள் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டால் அதுவும் லாபம். பக்கத்து வீட்டை உங்கள் பெயரில் ஏன் இன்சூர் செய்ய முடியாது? அது எரிந்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. மூன்று தனித்தனிப் பாடம்போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

வீட்டு பாலிசி

கேள்விகள் நிறைய வரும் பகுதி இது. ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பு தயாரித்த மாதிரிப் பாலிசிகளை வைத்துப் பாடம் நடக்கும். சொந்த வீட்டுக்காரர்களுக்கான ‘எச்.ஓ.-3’ஐ நன்றாகப் பிடித்துக்கொண்டால், வாடகைக்கு இருப்பவர்களின் ‘எச்.ஓ.-4’, காண்டோவுக்கான ‘எச்.ஓ.-6’ எல்லாம் அதிலிருந்து எங்கே விலகுகின்றன என்று பார்த்தால் போதும்.

ஏ முதல் எஃப் வரை ஆறு பாகங்கள். ஏ, வீட்டுக் கட்டடம். பி, தனியாக நிற்கும் ஷெட், வேலி போன்றவை; ஏ-யில் 10 சதவீதம். சி, வீட்டுச் சாமான்கள், 50 சதவீதம். டி, வீட்டில் வசிக்க முடியாமல் போனால் வெளியே தங்கும் செலவு, 30 சதவீதம். இ, நம்மால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான பொறுப்பு. எஃப், நம் வீட்டுக்கு வந்த இடத்தில் அடிபட்ட விருந்தாளியின் மருத்துவச் செலவு.

இதில் கட்டடத்துக்கும் சாமானுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கட்டடத்துக்கு, விலக்கு என்று எழுதி வைத்ததைத் தவிர எல்லாம் சேரும். சாமானுக்கு, பட்டியலில் பெயர் சொன்ன ஆபத்து மட்டும்தான் சேரும். சுவருக்கு அடிக்கும் பெயின்ட் டப்பா கை தவறிக் கவிழ்ந்தது என்று வையுங்கள். தரையோடு ஒட்டிய கம்பளம் கட்டடத்தின் பகுதி. அதற்குப் பணம் உண்டு. அதே பெயின்ட் சோபாமேல் கொட்டினால் பட்டியலில் ‘பெயின்ட் கொட்டுவது’ என்று ஒன்று இல்லை. சோபாவுக்குப் பணம் இல்லை. பாடம் படிக்கும்போது நான் இதை வீட்டில் ஒவ்வோர் அறையாக நின்று சொல்லிப் பார்த்தேன். திரைச்சீலை எந்தப் பக்கம், சுவரோடு பொருத்திய அலமாரி எந்தப் பக்கம், பூஜை அறையின் பித்தளை விளக்கு எந்தப் பக்கம் என்று. ஒரு நாள் மாலை இப்படிச் செய்துபாருங்கள், அத்தியாயமே மனதில் படிந்துவிடும்.

நம் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி, தனி வரம்புகள். 2011-ஆம் ஆண்டுப் பதிப்பு எச்.ஓ.-3 பாலிசியில் சாமான்களுக்கு இரண்டு லட்சம் டாலர் இருந்தாலும், திருடுபோன நகைக்கு மொத்தமாகவே 1,500 டாலர்தான். ஒரு நகைக்கு 1,500 இல்லை, எல்லா நகைக்கும் சேர்த்து 1,500. ரொக்கமும் தங்க நாணயமும் தங்கக் கட்டியும் வேறு கணக்கு. அவற்றுக்கு 200 டாலர். அட்சய திருதியைக்கு வாங்கி அலமாரியில் வைத்த நாணயமெல்லாம் இந்த 200-க்குள் அடங்க வேண்டும். இந்தியக் குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்து நகை திருடிய கும்பல்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. அம்மா போட்ட தாலிக்கொடியும் மகளுக்குச் சேர்த்த வளையலும் போன பிறகு இந்த வரியைப் படித்து என்ன பயன்? நகைகளை மதிப்பீடு செய்து, ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. இதைச் சொல்வது ஏஜென்டின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

வெள்ளம் தனி

ஹூஸ்டனில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது மனம் கனத்துவிடும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. நெடர்லாண்ட் என்ற ஊரில் 60 அங்குலத்துக்கும் மேல் மழை பதிவானது. கேட்டி பக்கம் பார்க்கர் நீர்த்தேக்கத்துக்கு மேற்புறம் இருந்த வீடுகளுக்குள் தேங்கிய தண்ணீர் ஏறியது. வெள்ளம் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. அவர்களில் பலரிடம் வீட்டு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் சாதாரண வீட்டு பாலிசியில் வெள்ளம் விலக்கு.

ஏன் வாங்கவில்லை? காரணம் எளிது. அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறித்த இடத்தில் வீடு இருந்தால்தான் கடன் கொடுக்கும் வங்கி வெள்ளக் காப்பீட்டைக் கட்டாயமாக்கும். கோட்டுக்கு வெளியே இருந்தவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. “பேங்க்கே கேக்கலையே, அப்போ தேவையில்லைபோல” என்று விட்டுவிட்டார்கள். வரைபடத்தில் கோடு போட்டிருக்கலாம். தண்ணீர் அந்தக் கோட்டைப் பார்த்து வருவதில்லை.

தேர்வில் இப்படிக் கேட்பார்கள்: காற்று கூரையைப் பிய்த்தது, அந்தத் திறப்பு வழியாக மழை உள்ளே கொட்டியது, பணம் உண்டா? உண்டு, மூலகாரணம் காற்று. தெருவில் தண்ணீர் உயர்ந்து வாசல் வழியாக வந்தது, உண்டா? இல்லை, அது வெள்ளம். வெள்ளத்துக்கு 1968-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. குடியிருப்பு வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000 டாலர். சாமானுக்கான பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக 30 நாள் காத்திருப்பும் உண்டு. வளைகுடாவில் புயல் சின்னம் தெரிந்த பிறகு ஏஜென்டுக்குப் போன் செய்து பயனில்லை.

கரையோரத்தில் காற்றுக்கும் தனி ஏற்பாடு. 1970-இல் சீலியா புயல் கார்ப்பஸ் கிறிஸ்டியைத் தாக்கிய பின், மறு வருடம் டெக்சாஸ் சட்டமன்றம் காற்றுச் சேதக் காப்பீட்டுச் சங்கம் ஒன்றை உருவாக்கியது. கடலோரக் கவுன்டிகள் 14-க்கும் ஹாரிஸ் கவுன்டியின் ஒரு பகுதிக்கும் அது பொருந்தும். தேர்வில் இது நிச்சயம் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி.

கணக்குகள்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பெரிய கணக்கு ஒன்றுதான்: கோ-இன்சூரன்ஸ். வணிகக் கட்டட பாலிசியில் வரும். கட்டடத்தின் மதிப்பு 5,00,000 டாலர். நிபந்தனை 80 சதவீதம்; ஆக 4,00,000-க்கு வாங்கியிருக்க வேண்டும். கடைக்காரர் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 3,00,000-க்கு மட்டும் வாங்கினார். தீ விபத்தில் 1,00,000 நஷ்டம். “மூணு லட்சத்துக்கு இருக்கே, ஒரு லட்சம் தந்துடுவாங்க” என்று அவர் நினைப்பார். வாங்கியது மூன்று, வாங்க வேண்டியது நான்கு. நான்கில் மூன்று பங்குதான் கிடைக்கும். 75,000. அதிலிருந்து டிடக்டிபிள், அதாவது நாமே ஏற்க வேண்டிய பங்கு, 1,000 போனால் 74,000. மீதி அவர் கையிலிருந்து. ஏன் இந்த விதி? பெரும்பாலான தீ விபத்துகளில் கட்டடம் முழுதாக எரிவதில்லை. எல்லோரும் பாதி மதிப்புக்கு மட்டும் வாங்கினால் முழு மதிப்புக்கு வாங்குகிறவர்கள் மற்றவர்களின் சுமையையும் தூக்க வேண்டி வரும்.

டிடக்டிபிள் விஷயத்திலும் டெக்சாசில் கவனம் தேவை. காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் பல பாலிசிகளில் டிடக்டிபிள் சதவீதத்தில் இருக்கும். 4,00,000 டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர். சேதத் தொகையில் 2 சதவீதம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். கூரை போடுகிறவர் “டிடக்டிபிளை நான் பாத்துக்கறேன்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2019-இலிருந்து டெக்சாஸ் சட்டம் அதைத் தெளிவாகத் தடை செய்கிறது.

கார்

டெக்சாசின் குறைந்தபட்சம் 30/60/25. ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, அடுத்தவர் சொத்துக்கு 25,000. சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு காரை இடித்துவிட்டீர்கள். உள்ளே மூன்று பேர். மருத்துவச் செலவு 40,000, 15,000, 10,000. முதலாமவருக்கு 30,000-க்கு மேல் கம்பெனி தராது. அந்த 10,000 உங்கள் பொறுப்பு. கார் 45,000 டாலர். கம்பெனி தருவது 25,000, மீதி 20,000-உம் உங்கள் பொறுப்பு. ஒரே விபத்தில் 30,000 டாலர் கடன். குறைந்தபட்சம் என்பது சட்டத்துக்குப் போதும், குடும்பத்துக்குப் போதாது.

மான் கேள்வியை மறக்காதீர்கள். மான்மேல் கார் மோதினால் நம் காரின் சேதம் ‘கொலிஷன்’ பகுதியில் வராது, ‘காம்ப்ரிஹென்சிவ்’ பகுதியில் வரும். மானைத் தவிர்க்கத் திருப்பி மரத்தில் மோதினால் அது கொலிஷன். இரண்டு பகுதிக்கும் டிடக்டிபிள் வேறாக இருக்கலாம் என்பதால் இது வாழ்க்கையிலும் முக்கியம். இன்னொன்று: காயத்துக்கான ‘பி.ஐ.பி.’ பாதுகாப்பையும், இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் உதவும் பாதுகாப்பையும் டெக்சாசில் கம்பெனி தந்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் நாம் எழுத்தில் சொல்ல வேண்டும். நூறு இடத்தில் கையெழுத்துப் போடும்போது இதிலும் போட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தொழிலாளர் இழப்பீடு

இந்த அத்தியாயத்தை வெறும் விதிகளாகப் படிக்க என்னால் முடியவில்லை. வேலையில் அடிபட்டால் யார் தவறு என்று பார்க்காமல் முதலாளி தரப்பு செலவை ஏற்கும். பதிலுக்குத் தொழிலாளி வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். நியூயார்க்கில் இப்படி ஒரு சட்டம் வந்தது. 1911 மார்ச் 24 அன்று மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறுநாள், மார்ச் 25, ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீ. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காகக் குடியேறி வந்த இளம்பெண்கள். பின்னர் அரசியலமைப்பையே திருத்திச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். டெக்சாசில் 1913-இல் சட்டம் வந்தது. ஆனால் இன்றும் இங்கே தனியார் முதலாளி இதில் சேராமல் விலகியிருக்கலாம். நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ ஒரு சிறிய கடையில் வேலை பார்த்தால், அங்கே இது இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

தேர்வு நெருங்கும்போது

மாநிலச் சட்டத்தைக் கடைசியில் படியுங்கள். எண்கள் அதிகம், சீக்கிரம் மறந்துபோகும். கிளெய்ம் வந்தால் கம்பெனி 15 நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். கேட்ட ஆவணமெல்லாம் கிடைத்த பின் 15 வேலை நாளுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும். ஏற்றால் 5 வேலை நாளுக்குள் பணம். இவை பொது நிலை. காப்பீட்டுத் துறை ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார். பிரீமியத்தில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கே திருப்பிக் கொடுத்து ஆள் பிடிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. பொய் சொல்லி இருக்கும் பாலிசியை விடவைத்துப் புதியதை விற்பதற்கும் தடை உண்டு.

மாதிரிக் கேள்விகளில் ‘தவிர’, ‘இல்லை’ என்று வரும் சொற்களை விரலால் தொட்டுப் படியுங்கள். தவறாகப் போன ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண் சேராத சோதனைக் கேள்விகளும் நடுவில் கலந்திருக்கும். கேள்விப்படாத ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடாமல் அடுத்ததற்குப் போங்கள். தேறாவிட்டால் எந்தப் பகுதியில் குறைந்தது என்று அவர்களே காட்டுவார்கள். அதைப் படித்து மறுபடி எழுதலாம்.

லைசென்ஸ் கிடைத்த பிறகுதான் உண்மையான பொறுப்பு. பேர்லாண்ட் மீனாட்சி கோயிலிலோ பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலிலோ நம்மவர்கள் கேட்பார்கள்: “எங்க பாலிசி நல்ல பாலிசிதானே?” நம் மொழி பேசுகிறவர் சொல்கிறார் என்று அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏஜென்ட் தர வேண்டியது குறைந்த பிரீமியம் அல்ல. எதற்கெல்லாம் பணம் வராது என்பதை விற்பதற்கு முன்பே முகத்துக்கு நேராகச் சொல்வது. பரீட்சை எழுதப்போகிறவர்கள் இதை இப்போதே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதப் போகாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டு பாலிசியை எடுத்து நான்கு விஷயம் பாருங்கள்: நகைக்கு வரம்பு எவ்வளவு, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் எத்தனை சதவீதம், கூரைக்குப் புது விலையா தேய்மானம் போன விலையா, வெள்ளத்துக்குத் தனி பாலிசி இருக்கிறதா. புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. வெள்ளக் காப்பீட்டுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே ஏப்ரல் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள்.